கிரானில் ஒரு கணினி செட்டிங் பக்கத்தைத் தாண்டாத நாள்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். கிரானுக்கு உள்ளே ஒரு வயல் வட்டையின் கமக்காரர் அமைப்பு, விவசாயிகளின் சங்கம் அது. தலைவர், முந்தி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் வட்டவிதானையாக இருந்தவர், ஊரில் எல்லாருக்கும் இன்றும் விதானையார்தான். செயலாளர் யோகன், முப்பத்தைந்து வயது இருக்கும், நாலு ஏக்கர் செய்கிறவர். பொருளாளர் மலர் அக்கா, சாவிக்கொத்தும் காசுப்பெட்டியும் அவவிடம். என்னை ஏறாவூரிலிருந்து ஏற்றி வந்த ஓட்டோக்கார நிசார். ஐந்தாவது ஆள் நான். மேசையில் இருந்த புதுக் கணினியையும் ஆள்கணக்கில் சேர்க்கலாம். எங்கள் எல்லாரையும் விட அதுக்குத்தான் அன்று பிடிவாதம் கூட.

யார் யார் இருந்தார்கள் என்று இப்படிக் குறித்து வைப்பது என் பழக்கம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன் நான். படித்தவன் ஒரு பிழை விட்டால் பிழை என்பார்கள், நான் விட்டால் ‘இவனுக்கு எங்கே தெரியும்’ என்பார்கள் என்ற பயம் தொழில் செய்த காலம் முழுக்க என் கூடவே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைப்பேன். பையில் ஒரு பென் டிரைவ் போதாது, மூன்று வேண்டும். ‘மையத்து வீட்டுக்குப் போனாலும் இந்த மனிசன் ஸ்குரூ டிரைவரோடதான் போவார்’ என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லுவா. அது பொய்யுமில்லை.

ஏறாவூரில் இருக்கும் என் கணினிக் கடை இப்போது மருமகனிடம். புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்கள் மூன்று பேருக்கும் ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டவன் அவன்தான். இன்ஸ்டால் பண்ணும் விதத்தை நான் எழுத மாட்டேன். அதைப் போனில் பார்த்து என்னை விட வேகமாகச் செய்கிறீர்கள். நான் எழுதுவது, கை நடுங்கும்போது என்ன செய்யக்கூடாது என்பதைப் பற்றி. அதில் எனக்கு அனுபவம் அதிகம்.

கணினி முதல் நாள்தான் டவுன் கடையிலிருந்து வந்திருந்தது. உள்ளே ஒன்றும் போடாத வெறும் மெசின். கடையில் விண்டோஸ் போட்டுத் தர மேலதிகமாகக் கேட்டார்களாம், யோகன் ‘எங்களுக்கு ஏறாவூரில ஆள் இருக்கு’ என்று சொல்லி மிச்சம் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். அந்த ஆள் நான்.

காலை ஒன்பதரைக்கு நான் பையைத் திறக்க முன்னமே விதானையார், முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுவது போல என்னை ‘நானா’ என்று கூப்பிட்டு, விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

“நானா, கேட்டுக்கங்க. இந்தப் பெட்டி ஒரு இலட்சத்து நாப்பத்தெட்டாயிரம். உரமானியப் பட்டியல் இண்டைக்கு நாலு மணிக்குள்ள கமநல நிலையத்துக்குப் போகணும். இதில இருந்து போனாப் பெட்டி அமைப்புக்கு. போகாட்டிப் பெட்டி யோகனுக்கு, காசை அவன் அமைப்புக்குக் கட்டணும். நான் சொன்னதில்ல. பெட்டி வேண்டாமெண்டு நான் நிண்ட கூட்டத்தில அவனே எழும்பிச் சொன்னவன்.”

“பட்டியல் போகாமலே விட்டா?” என்று கேட்டேன். அறுபத்து மூன்று கமக்காரரின் உரம் என் தலையில் விழுந்துவிடுமோ என்று எனக்கு உடனே பயம்.

“அது போகும். கையால எழுதின பட்டியல் ஒண்டு ரெடியாக் கிடக்கு. மூண்டரைக்கு உங்கட ஓட்டோக்காரரையே அனுப்புவன். உரத்துக்குப் பயமில்ல. யோகனுக்குத்தான் பயம்.”

யோகன் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. மலர் அக்கா தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளி, “குடி தம்பி. முகம் கோடை வாய்க்கால் மாதிரிக் கிடக்கு” என்றா. பிறகு என்னிடம் மெல்ல, “ரெண்டு மாடும் இந்தப் போகத்து நெல்லும் போகும் நானா. வீட்டில இன்னும் சொல்லவும் இல்ல” என்றா.

பவர் பட்டனை அமத்தினேன். நேராகச் செட்டிங் பக்கம் வந்தது. வெறும் மெசின் அப்படித்தான் வரும், தொடங்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் அங்கேதான் போய் நிற்கும். அம்புக்குறி பட்டன்கள் கொஞ்சம் தயங்கித் தயங்கி வேலை செய்தன. மலிவுக் கீபோட் என்று நினைத்துக்கொண்டேன். அறையில் நல்ல சந்தன வாசம். யாரோ புதுச் சவர்க்காரம் போட்டுக் குளித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பக்கத்திலேயே பென் டிரைவைத் தெரிவு செய்து வேலையைத் தொடங்கினேன். எல்லாம் ஒழுங்காகப் பிரதியாகி முடிந்தது. மெசின் தானாக அணைந்து திரும்ப எழும்பியது. எழும்பி நேராக, திரும்பவும், செட்டிங் பக்கம்.

இப்போது அது வெறும் மெசின் இல்லை. டிஸ்கின் பெயர் பட்டியலில் முதலாவதாக நிற்கிறது. இருந்தும் அதற்குள் போக மாட்டேன் என்கிறது. அணைத்துப் போட்டேன், செட்டிங் பக்கம். இன்னொரு தரம் அணைத்துப் போட்டேன், அதே பக்கம்.

“நானா,” என்றார் பின்னால் நின்ற விதானையார், “இது விதைப்புக்கு முந்தி எழும்புமா, அறுவடைக்குப் பிறகா?”

“தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாப்பமா?” என்றான் நிசார். “என்ட ஓட்டோ அப்பிடித்தான் எழும்பும்.”

நீங்களும் இந்த இடத்துக்கு வருவீர்கள். பின்னால் ஒரு ஆள் நிற்பார், பக்கத்தில் ஒரு ஆள் வியர்த்துக்கொண்டு இருப்பார், உங்கள் கை உங்களைக் கேட்காமலே வேலை செய்யத் தொடங்கும். அன்று என் கை ஒரே மூச்சில் மூன்று செட்டிங்கை மாற்றியது. பாதுகாப்புப் பூட்டை நிறுத்தினேன். தொடங்கும் முறையைப் பழைய மெசின்களின் முறைக்குத் திருப்பினேன். டிஸ்க் வேலை செய்யும் விதத்தையும் மாற்றினேன். கொப்பி பையிலேயே இருந்தது. பதினெட்டு வருடத்தில் எழுதாமல் கை வைத்தது அந்த ஒரு நாள்தான்.

சேமித்து வெளியே வந்தேன். மெசின் எழும்பியது. அதே செட்டிங் பக்கம்தான், ஆனால் முதலாவதாக நின்ற டிஸ்கின் பெயர் இப்போது பட்டியலிலேயே இல்லை.

முன்னம் இருந்தது ஒரு பிழை. இப்போது இரண்டு. இரண்டாவது என்னுடையது.

“முகம் கழுவிட்டு வாறன்” என்று சொல்லிவிட்டு வெளியே குழாயடிக்குப் போனேன்.

குழாயடியில் என் குருவை நினைத்தேன். பெயர் சொல்ல மாட்டேன், சொன்னால் கோபிப்பா. கல்லடியில் ஒரு சின்னக் கணினி வகுப்பு நடத்தியவ. நான் சேரும்போது எனக்கு முப்பத்தொன்பது வயது, அவவுக்கு இருபத்து மூன்று. கூடப் படித்த பொடியன்கள் என்னை வகுப்புக்கு வந்த யாரோ ஒரு பிள்ளையின் வாப்பா என்று நினைத்துக் கதிரை போட்டார்கள். குரு எனக்குச் சொல்லித் தந்தவற்றில் இரண்டு விஷயம் இன்றைக்கும் சோறு போடுகின்றன.

ஒன்று, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், மாற்றுவதற்கு முன் பழையதை எழுது. மற்றது, மெசினில் பதில் கிடைக்காவிட்டால் ஆட்களிடம் போ. “ஆனா ‘என்ன செஞ்சீங்க’ எண்டு மட்டும் கேக்காதீங்க” என்பா. “கேட்டா ‘ஒண்டும் செய்யல்ல’ எண்டுதான் சொல்லுவாங்க. அது பொய் இல்ல நானா, பயம்.” அப்படியென்றால் எப்படிக் கேட்பது என்று அவ சொல்லவில்லை. அல்லது சொன்ன அன்று நான் வகுப்புக்குப் போகவில்லை.

உள்ளே வந்து கொப்பியை எடுத்தேன். மெசினைக் கொம்பனி விட்டபடி பழைய நிலைக்குத் திருப்பினேன். டிஸ்க் திரும்பப் பட்டியலுக்கு வந்தது. ஆனால் முதல் போட்ட விண்டோஸில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது, அழித்துத் திரும்பப் போட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது. முடிந்து எழும்பியது.

செட்டிங் பக்கம்.

“அந்தப் பக்கத்தில அதுக்கு என்னமோ விருப்பம் போல” என்றான் நிசார். யாரும் சிரிக்கவில்லை. அவனுக்கே வெட்கமாகி வெளியே போய் ஓட்டோவைத் துடைக்கத் தொடங்கினான்.

அப்போதுதான் குரு கேட்காதே என்றதைக் கேட்டேன். “நேத்துப் பெட்டி வந்ததில இருந்து ஆராவது இதில என்னமும் செஞ்சீங்களா?”

“இல்ல நானா,” என்றார் யோகன், நான் கேட்டு முடிக்க முன்னமே. “தொடவே இல்ல.”

 காலையில் இருந்து வாய் ஓயாத விதானையார் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பயந்தவன் இன்னொரு பயந்தவனை உடனே அடையாளம் பிடிப்பான். யோகன் பயப்படுவது இரண்டு மாட்டுக்கு மட்டும் இல்லை என்று எனக்குப் பட்டது. தொடவே இல்லை என்கிறார், ஆனால் திரையில் ஒட்டி வரும் பிளாஸ்ரிக் தாள் உரித்துக் கிடக்கிறது. அதைச் சொல்லிப் பிடித்திருக்கலாம். பிடித்தால் அவர் இன்னும் இறுக மூடிக்கொள்வார், நானாக இருந்தால் அப்படித்தான் செய்வேன்.

மலர் அக்கா சோறும் மீன்குழம்பும் வைத்தா, பிறகு எருமைத் தயிர். சாப்பிட்டுக்கொண்டே நான் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். ஏதோ திட்டம் போட்டுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். இந்தச் செட்டிங் பக்கத்தைத் தவிர வேறு எதையாவது பேசினால் போதும் என்றிருந்தது.

“நான் கடைக்கு முதல் முதல் பிரிண்டர் வாங்கினபோது,” என்றேன், “என்ட பொஞ்சாதி பள்ளிவாசல்ல இருந்து ஓதின தண்ணி ஒரு போத்தல் கொண்டு வந்தா. கண்ணூறு படக்கூடாதெண்டு. நான் தொழப் போயிருந்த நேரம் பிரிண்டருக்கு மேலயும் கீழயும் நல்லாத் தெளிச்சிட்டா. வாயைத் திறந்து உள்ளுக்கும் தெளிச்சிருக்கா, பறக்கத்து, ஆண்டவன்ட அருள், உள்ள போகணுமாம். மூண்டு நாள் நான் அந்தப் பிரிண்டரைக் கழட்டிப் பூட்டினன். அவ ஒண்டும் தெரியாத மாதிரி எனக்குப் பிளேன்டி ஊத்தித் தாறா.”

மலர் அக்காவுக்குப் புரையேறியது. “மறுகா?”

“மறுகா என்ன, நாலாம் நாள் பிரிண்டர் தானா வேலை செஞ்சிது. ஓதின தண்ணியாலதான் எண்டு இண்டைக்கும் சொல்லுவா.”

எல்லாரும் சிரித்தார்கள். விதானையார் சிரிக்கவில்லை. பிசைந்த சோற்றைத் திரும்ப வைத்தார். பிறகு சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“தெளிச்சது நான்தான் நானா.”

“தலைவர்...” என்றார் யோகன்.

“பொறு கா யோகன். வேண்டாம் வேண்டாம் எண்டு கூட்டத்தில நான் நிண்டது உண்மை. ஆனா வாங்கினாப் பிறகு அது அமைப்புச் சாமான். புது மாட்டுக்குச் செய்றம், புது உழவு மெசினுக்குச் செய்றம், இதுக்கு மட்டும் செய்யாம விடுறதா? பின்னேரம் அம்மன் கோயில்ல இருந்து கும்பத் தண்ணி கொண்டு வந்து வேப்பிலையால தெளிச்சன். ரெண்டே ரெண்டு தரம். மறுகா சந்தனப் பொட்டு வைச்சன், பெட்டிக்கு ஒண்டு, திரைக்கு ஒண்டு, எழுத்துப் பலகைக்கு ஒண்டு.”

யோகன் தலையைக் குனிந்தார். “தண்ணி ஒரு துளி பட்டாலும் வாரண்டி இல்லை எண்டு கடையில ரெண்டு தரம் சொன்னவங்க நானா. தலைவர் போனாப் பிறகு ஈரச் சீலையால எல்லாத்தையும் துடைச்சிட்டன். கீபோட்டில இருந்த பொட்டு லேசில போகல்ல, அமத்தித் தேச்சன்.”

“அப்ப ஏன் காலையில சொல்லல்ல நீ?” என்று மலர் அக்கா கேட்டா. “மாடு போற நேரத்திலயும்?”

“சொன்னா இவர்ட தலையிலதானே விழும் அக்கா. நல்லதுக்குத்தானே செஞ்சவர்.”

அந்த நேரம் விதானையார் யோகனைப் பார்த்த பார்வையை எனக்கு எழுதத் தெரியாது.

நான் கை கழுவிவிட்டு எழும்பினேன். கொப்பியில் ஒரு வரி எழுதினேன்: ‘கீபோட்டைக் கழற்றிப் பார்க்க.’ ஒரே ஒரு மாற்றம். கீபோட் வயரை இழுத்து எடுத்துவிட்டுப் பவர் பட்டனை அமத்தினேன்.

திரை கறுத்தது. ஒரு சின்ன வட்டம் சுற்றியது. பிறகு நீல நிறத்தில் வரவேற்புத் திரை, பச்சைப்பிள்ளை நித்திரையால் எழும்புவது போல மெல்ல மெல்ல வந்தது.

“நிசார்,” என்று மலர் அக்கா வெளியே பார்த்துக் கூப்பிட்டா, “வா, தள்ளத் தேவையில்ல.”

விஷயம் இவ்வளவுதான். அந்த வகை மெசினில், எழும்பும்போது டிலீட் பட்டனை அமத்திப் பிடித்தால் செட்டிங் பக்கத்துக்குப் போகும். தேய்த்த சந்தனம் அந்தப் பட்டனின் இடுக்குக்குள் போய் இரவோடு காய்ந்து, பட்டனை அமத்தியபடியே பிடித்துக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் மெசின் எங்கள் சொல்லைத்தான் கேட்டிருக்கிறது. வெறும் மெசின் எப்படியும் அந்தப் பக்கத்துக்குத்தான் வரும் என்பதால் முதல் தடவை எனக்குச் சந்தேகம் வரவில்லை. பிறகு சந்தேகம் வந்தபோது நான் செட்டிங்கைத்தான் பார்த்தேன், என் விரலுக்குக் கீழே இருந்ததைப் பார்க்கவில்லை. தெளித்தது மட்டும் என்றால் ஒன்றும் ஆகியிருக்காது. துடைத்தது மட்டும் என்றாலும் ஆகியிருக்காது. பொட்டும் ஈரச் சீலையும் சேர்ந்து செய்த வேலை.

மலர் அக்கா தன் கொண்டை ஊசியைக் கழற்றித் தந்தா. அதால் பட்டனை நெம்பினேன். கீழே மஞ்சளாகக் காய்ந்த சந்தனம், நடுவில் கடுகளவு குங்குமம். விதானையார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

“இது என்ன பட்டன் நானா?”

“அழிக்கிற பட்டன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “அப்ப அம்மாள் சரியான இடத்திலதான் கை வைச்சிருக்கா. ஒண்டும் அழியக்கூடாதெண்டு பிடிச்சிருக்கா.”

அமத்தினால்தான் அழியும் என்று சொல்ல வாயெடுத்தேன். நிசார் என் காலை மிதித்தான். சொல்லவில்லை.

ஸ்பிரிட்டில் பஞ்சைத் தோய்த்துத் துடைத்து, பட்டனைத் திரும்பப் பூட்டியபோது மணி இரண்டு. அறுபத்து மூன்று பெயர், அவரவர் காணியின் அளவு, அடையாள அட்டை இலக்கம். மலர் அக்கா பேரேட்டைப் பார்த்து வாசிக்க, யோகன் இரண்டு விரலால் தட்டினார். பேரேட்டில் எழுத்து அழிந்த இடங்களில் விதானையார் பார்க்காமலே சொன்னார்: “அது பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கால, ரெண்டரை ஏக்கர். தேப்பன்ட பேரில கிடந்தது, இப்ப மகளுக்கு.” ஒன்றிலும் பிழையில்லை. மூன்றரைக்கு நிசார் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணி வைத்துக்கொண்டான், கையெழுத்துப் பட்டியலைக் கொண்டு போக வேண்டி வந்தால் என்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு யோகனின் விரல் இன்னும் இடறியது.

“அதை நிப்பாட்டு கா நிசார்,” என்று விதானையார் ஜன்னலால் சத்தம் போட்டார். “இஞ்ச வேலை நடக்குது.”

மூன்று நாற்பத்தெட்டுக்கு, யோகனின் போனில் இருந்து இன்டர்நெட் எடுத்து, பட்டியல் போனது. நாலு நிமிடத்தில் கிடைத்தது என்று பதில் வந்தது. மலர் அக்கா அதைப் பிரின்ட் எடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்னா. யோகன் வெளியே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நெடுநேரம் முகம் கழுவினார். நானும் காலையில் அங்கேதான் நின்றேன் என்பதால் யாரையும் அந்தப் பக்கம் போக விடவில்லை.

தம்பிமார், தங்கச்சி, இதில் இருந்து எதை எடுக்கிறீர்களோ உங்கள் விருப்பம். நான் எடுத்தது இது. ஆட்கள் மறைப்பது பெரும்பாலும் கெட்டதை இல்லை, நல்லது என்று நினைத்துச் செய்ததைத்தான். அதை வெளியே எடுக்க வேண்டும் என்றால் முதலில் உங்கள் வீட்டுப் பிரிண்டரின் கதையை மேசையில் வையுங்கள். அப்படி ஒரு பிரிண்டர் இல்லாத வீடு இல்லை.

இனி என் பக்கத்துக் கணக்கு. கூலி ஐயாயிரம் என்று பேசியிருந்தோம். மலர் அக்கா பற்றுச்சீட்டுத் துண்டு எழுதிக் காசை எண்ணி வைத்தா. அன்றைய நேரத்தில் பாதி, அவசரப்பட்டு நான் செய்த பிழையைத் திருத்தப் போனது. அது அவர்களின் செலவில் சேரக்கூடாது. பாதியைத் திருப்பி நீட்டினேன்.

“துண்டு எழுதியாச்சு,” என்றா அக்கா. “இனி வெட்ட ஏலாது.”

“வெட்டினாக் கணக்குப் பாக்கிறவர் கேள்வி கேப்பார்,” என்றார் விதானையார். “மறுகா தண்ணி தெளிச்ச கதையெல்லாம் எழுத வேண்டி வரும்.”

அடுத்த முறை போகும்போது நீட்டினேன், வாங்கவில்லை. கீபோட்டுக்கு ஒரு றப்பர் உறை வாங்கிப் போனேன், அதில் கழியட்டும் என்று. அக்கா அதன் விலையைக் கேட்டு ஒரு ரூபாய் குறையாமல் என் சட்டைப் பையில் திணித்தா. இப்போது நான் போனால் விதானையார் வாசலிலேயே நின்று “கடன்காரர் வாறார், கதிரை போடுங்க” என்கிறார். அந்த மெசின் இன்றும் பழுதில்லாமல் ஓடுகிறது. வருடத்துக்கு ஒரு முறை பொட்டு வைக்கிறார்கள், பெட்டிக்கு மட்டும்.

எனக்கு இரவில் நித்திரை வராவிட்டால் இந்தக் கடனும் ஒரு காரணம். நான் இல்லாத காலத்தில் கிரானுக்குப் போகிறவர் உங்களில் யாராக இருந்தாலும், எப்படியாவது அவர்கள் கையில் வைத்துவிட்டு வாருங்கள். நான் கொடுக்க வேண்டிய பாக்கி ரூபாய் இரண்டாயிரத்து ஐந்நூறு.